தை மாசத்துக் குப்பை

இன்றைக்குக் காலையில் வாசலையும் தோட்டத்தையும் பெருக்கி முறத்தில் அள்ளினேன். கொட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். மஞ்சளாய்ப் போன வேப்பிலை ஒரு கைப்பிடி. முருங்கைப் பூ கொஞ்சம். மாமரத்தடியில் பெருக்கியதில் பொடிப்பொடியாய், டீத்தூள் மாதிரி ஒன்று. டிசம்பர் பூச்செடியின் காய்ந்து முள்ளாய்ப் போன காம்புகள். புங்க இலை மூன்றே மூன்று. இவற்றோடு, இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக் குப்பையில் நான் பார்த்தே இராத ஒன்று: ரவை போல வெளுத்த மரத்தூள், ஒரு பிடி. அதை அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் வீடு திண்டிவனத்தில், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. வேலை விழுப்புரத்தில். அம்மாவுக்கு முட்டி வலி வந்து குனிய முடியாமல் போனதும் தொடப்பம் என் கைக்கு வந்தது. ஆறு வருஷம் ஆகிறது. கோலம் மனைவி போடுவாள், பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஆரம்பத்தில் தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது. இப்போது யாராவது தொடப்பத்தைப் பிடுங்கினால் கோபம் வருகிறது. அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டதைவிடக் குனிந்து பெருக்கித் தெரிந்துகொண்டதுதான் எனக்கு அதிகம். மேலே மரத்தில் என்ன நடந்தாலும் இரண்டொரு நாளில் அதன் ரசீது கீழே வந்து விழுந்துவிடும்.

வசந்தம் என்றதும் சின்ன வயதில் பாடப்புத்தகத்தில் பார்த்த படம்தான் எனக்கு ஞாபகம் வரும். பனி உருகுகிறது, நடுவில் ஒரு பூ எட்டிப் பார்க்கிறது. இங்கிலாந்தில் ஸ்னோடிராப் என்று ஒரு வெள்ளைப் பூ ஜனவரியிலேயே மண்ணைக் கீறிக்கொண்டு வந்துவிடும். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரிப் பூ எந்த வருஷம் என்றைக்கு முழுசாக மலர்ந்தது என்பதற்கு 1,200 வருஷத்துக் குறிப்புகள் இருக்கின்றன. 2021-இல் மார்ச் 26 அன்றைக்கே பூத்துவிட, அந்த 1,200 வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று பரபரத்தார்கள். நமக்கு உருகுவதற்குப் பனிக்கட்டி கிடையாது. விழுப்புரம் மாவட்டத்தில் குளிர்காலம் என்பது ஒரு மஃப்ளரும், ஜி.எஸ்.டி. ரோட்டில் விடிந்த பிறகும் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகிற பஸ்ஸும்தான். ஆகவே இங்கே வசந்தம் வருகிற சேதி எட்டிப் பார்க்கிற பூவாக வராது. குப்பையாக வரும்.

கணக்குப்படி இப்போது முன்பனிக் காலத்தின் கடைசி நாட்கள். மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனிலுக்குச் சித்திரை வர வேண்டும். அம்மாவிடம் வேறு கணக்கு இருக்கிறது. "தைப்பனி தரையைத் தொளைக்கும், மாசிப்பனி மச்சைத் தொளைக்கும்" என்பாள். "சிவராத்திரி வந்தா பனி சிவ சிவான்னு ஓடிடும்" என்றும் அவளே சொல்வாள். ரெண்டும் எப்படிம்மா ஒத்துப்போகும் என்று கேட்டால், "அது சிவராத்திரிக்கு முன்னால இருக்கற மாசிடா" என்று பதில் வரும்.

சூரியனும் இந்த மாசத்தில் ஒரு மாதிரியாகத்தான் நடந்துகொள்கிறது. டிசம்பர் 22 வாக்கிலேயே பகல் நீளத் தொடங்கிவிடுகிறது, ஆனால் விடியற்காலையில் எழுந்து பெருக்குகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. நம் பக்கத்தில் சூரியன் உதிக்கிற நேரம் ஜனவரி பிற்பகுதி வரைக்கும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டேதான் இருக்கும். நீளுகிற பகல் எல்லாம் சாயங்காலப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நமக்கு வருஷத்தின் குட்டைப் பகலுக்கும் நெட்டைப் பகலுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. லண்டனில் எட்டு மணி நேரத்துக்கு மேல். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகக் கூடுவதை நம்மில் யார் கவனிக்கிறோம்? மரங்கள் கவனிக்கின்றன.

முதலில் அந்த டீத்தூளைச் சொல்லிவிடுகிறேன்.

மாமரம் நான் வைத்தது. பங்கனப்பள்ளி ஒட்டு. காய்ப்புக்கு வந்த புதிதில் பாசம் அதிகமாகி, மார்கழியில் மழை நின்றவுடன் தினமும் ஹோஸ் போட்டுத் தண்ணீர் விட்டேன். மரம் நன்றி மறக்கவில்லை. தை மாசம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்த் துளிர் விட்டுத் தள்ளியது. பூ? ஒன்றுகூட இல்லை. "இன்னாடா மரத்துக்குப் போயி கொடம் கொடமா ஊத்துற? மார்கழில அத்தக் காயப்போடணும்" என்று அம்மா சொன்னபோது காலம் கடந்துவிட்டது. வேளாண்மை படித்த ஒரு நண்பரும் அதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். மா பூப்பதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: இரவில் கொஞ்சம் குளிர், வேரில் கொஞ்சம் வறட்சி. போன வருஷத்துக் கிளைநுனி நன்றாக முற்றி ஓய்ந்து கிடக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தால் மொட்டு பூவாகும். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் அதே மொட்டு இலையாகிவிடும். அடுத்த வருஷத்திலிருந்து கார்த்திகைக்குப் பிறகு மாமரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இப்போது தை பிறந்ததும் பூங்கொத்து வந்துவிடுகிறது.

ஒரு கொத்தை ஒடிக்காமல் கைக்கு இழுத்துப் பிடித்து, செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொத்து ஒரு முழ நீளம், தண்டு இளஞ்சிவப்பு. அதில் ஆயிரத்துக்கும் மேலே பூ இருக்கும். ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவு. ஐந்து இதழ், வெளிர் மஞ்சள். இதழின் உள்பக்கம் ஆரஞ்சு மஞ்சளாய்க் கோடுகள், யாரோ ஊசி முனையில் மஞ்சள் குழைத்து இழுத்தது போல. பூ பழசாக ஆக அந்தக் கோடு ரோஸ் நிறமாகிறது. நடுவில் மகரந்தம் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு காம்புதான், தலையில் ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு முண்டு. மற்றவை பேருக்கு நிற்கின்றன. கொத்தில் பாதிக்கு மேல் ஆண் பூ. அவை இரண்டு நாள் இருந்துவிட்டு உதிர்ந்து டீத்தூளாகி என் முறத்துக்கு வருகின்றன. நூறு பூவில் ஒன்று கடைசி வரை நின்று பழமானால் அதுவே பெரிய விஷயம். தேனீக்களைவிட ஈக்கள்தான் மாம்பூவுக்கு அதிகம் வேலை செய்கின்றன என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மாமரத்தடியில் ஈ மொய்க்கிறதே என்று மருந்து அடிக்கப் போனவன் நான்.

டிசம்பர் பூவின் கதை நேர் எதிர். நீலமும் ஊதாவுமாய்க் கார்த்திகையிலிருந்து வேலியோரம் பூத்துக் குலுங்கும், வாசனை சுத்தமாகக் கிடையாது. அந்த நாட்களில் மல்லி கடையிலும் அபூர்வம், முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அதனால் வீட்டுப் பெண்கள் தலைக்கு டிசம்பர் பூவையும் கனகாம்பரத்தையும் வைத்துச் சமாளிப்பார்கள். தை நடுவில் டிசம்பர் பூ குறைய ஆரம்பிக்கும். காலையில் ஒரு முழம் கட்டுகிற அளவு வந்த செடியில் பத்துப் பூ, அப்புறம் நாலு பூ, அப்புறம் கையைக் கிழிக்கிற காய்ந்த முள்காம்பு மட்டும். சரியாக அந்த வாரம்தான் குண்டுமல்லிச் செடியில் கணுவுக்குக் கணு பச்சை முளைக்கும்.

மல்லியிலும் எனக்கு ஒரு பாடம் உண்டு. எங்கள் தெருவுக்கு வருகிற பூக்காரம்மா ஒரு நாள் கேட்டைத் தாண்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், செடிய வெட்டாமலே வெச்சிருக்கீங்க? மொழங்கால் ஒசரத்துக்குக் கழிச்சு வுடுங்க" என்றார். நன்றாக இருக்கிற செடியை வெட்டச் சொல்கிறாரே என்று இருந்தது. இலையெல்லாம் பச்சை. "பச்சையா இருந்தா போதுமா? பூ வேணாமா?" கார்த்திகைக் கடைசியில் கவாத்து பண்ணி, இலையை உருவி, தொழுவுரம் போட்டு விட்டேன். தோட்டமே மொட்டையடித்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. மனைவி ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. மாசிக் கடைசியில் முதல் அரும்பு எடுத்தோம். பங்குனியில் தெரு முழுக்க மணக்கிறது என்று அதே மனைவி பெருமைப்பட்டாள்.

விழுப்புரத்துக்கு நான் பெரும்பாலும் ரயிலில்தான் போவேன். திண்டிவனம் விட்டால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அப்புறம் விழுப்புரம். தையில் இந்த வழி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் தோட்டத்தில் விட்டுப்போனதெல்லாம் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் போட்ட மல்லாட்டை இப்போதுதான் பூ வைத்திருக்கும். (கடலை என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். மணிலாக்கொட்டை மருவி மல்லாட்டை ஆனது. வேறு ஜில்லாக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.) தாழ்வாய் இலைக்கடியில் சின்னச் சின்ன மஞ்சள் பூ, அவரைப்பூ ஜாடையில். காலையில் மலர்ந்து மத்தியானத்துக்குள் வாடிவிடும். வாடின இடத்திலிருந்து ஒரு விழுது கிளம்பி மண்ணைப் பார்த்து இறங்கும். மேலே பூத்துக் கீழே போய்க் காய்க்கிற செடி. உலகத்துக்கெல்லாம் வசந்தம் மேலே வருகிறது என்றால் இந்த ஒரு செடிக்கு மட்டும் பூமிக்குள் இறங்குகிறது. டி.எம்.வி. 2 என்று பழைய மல்லாட்டை ரகம் ஒன்று உண்டு, 1940-இல் வெளியானது. அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம். எங்கள் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் இனிஷியல். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் எத்தனையோ விவசாயிகள் எங்கள் ஊர்ப் பேரைத் தெரியாமலே சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

முண்டியம்பாக்கம் நெருங்கும்போது சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு நெடி ஜன்னல் வழியாக ஏறும். மயிலம் தாண்டி ஒரு கிணற்றோரத்தில் கல்யாண முருங்கை ஒன்று நிற்கிறது. இலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கிளைநுனிகளில் கோழிக்கொண்டை நிறத்தில் பூ. அதில் கறுப்பும் ரோஸும் கலந்த சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மத்திய ஆசியாப் பக்கத்திலிருந்து குளிருக்கு ஓடி வந்த கூட்டம். தேன் குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு, பங்குனி, சித்திரையில் கிளம்பிவிடும். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் போகிற வழியில் கழுவேலி ஏரி இருக்கிறது. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 5,000 ஹெக்டேருக்கு மேல். அங்கேயும் இப்போது இதே கதைதான், தண்ணீர் சுருங்கச் சுருங்க விருந்தாளிகள் மூட்டை கட்டுகிறார்கள். வருகிறவர்களை வைத்து மட்டும் பருவத்தைச் சொல்ல முடியாது, போகிறவர்களையும் பார்க்க வேண்டும்.

தை ஐந்தாம் தேதி தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. விழுப்புரத்துக்காரர்களைக் கேட்டால் பிடாகம், பேரங்கியூர் என்று ஆளுக்கு ஒரு கரை சொல்வார்கள். பக்கத்து ஊர்ச் சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி முடித்துப் போகும். எங்களுக்கு அதில் முக்கியம் சுருளிக்கிழங்கு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது குவியல் குவியலாகக் கண்ணில் படும். வாங்கி வந்து வேகவைத்துத் தோலை உரித்துத் தின்கிற அன்றைக்கு என் கணக்கில் குளிர்காலம் பாதி முடிந்தது. மீதிப் பாதி, பைபாஸ் ஓரத்தில் முதல் தர்பூசணிக் குவியலைப் பார்க்கிற அன்றைக்கு முடிகிறது. மரக்காணம், வானூர், திண்டிவனம் பக்கம் மார்கழியில் ஊன்றிய கொடி எழுபது, எண்பது நாளில் காய் தந்துவிடும். 2025-இல் பழத்துக்குள் ஊசி போட்டுச் சிவப்பாக்குகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பி, நல்ல பழம் வயலிலேயே அழுகியது. விலை கேட்க ஆளில்லை. பூத்து, காய்த்து, பழுத்து எல்லாம் ஒழுங்காகச் செய்த கொடிக்கு மனுஷன் செய்த மரியாதை அது.

வேப்பமரத்துக்கு வருவோம். வாசலில் நிற்பது அப்பா வைத்த மரம். பொங்கல் முடிந்ததும் மஞ்சளாகத் தொடங்கும். முதல் வாரம் ஒரு கைப்பிடி, அடுத்த வாரம் ஒரு முறம், மாசியில் ஒரு சாக்கு. பெருக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பெருக்கவே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் அதே சமயத்தில் கிளைநுனியில் கொழுந்து வந்துவிடுகிறது. பச்சையாக வராது. புதுச் செப்புப் பாத்திரத்தை அப்போதுதான் புளி போட்டுத் தேய்த்த நிறம். இலை இன்னும் பச்சையம் சேர்க்கவில்லை, அதற்குள் வெயில் சுட்டுவிடக் கூடாதே என்று ஆந்தோசயனின் என்கிற சாயத்தைப் பூசிக்கொண்டு வருகிறது. ஒரு பத்து நாள்தான். அப்புறம் பச்சை ஏறிவிடும், அந்தச் செம்பு நிறம் இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

சில வருஷம் இந்தக் கொழுந்து அப்படியே தீய்ந்த மாதிரி கருகிவிடும். முதல் தடவை பார்த்தபோது தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். செல்போன் டவர் என்றார் ஒருவர். அம்மன் கோபம் என்றார் இன்னொருவர். பெரும்பாலும் அது தேயிலைக் கொசு என்கிற பூச்சியின் வேலை. பேரில்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சுகிற நாவாய்ப்பூச்சி. நம் கிழக்குப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் தளிரையும் பூவையும் குடிக்கிற அதே ஆசாமி. வேம்புக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த மாசம் அதுவாகவே மறுபடி துளிர்த்தது.

மழை நின்று ஒன்றரை மாசம் ஆகிவிட்டது, இனி மூணு, நாலு மாசத்துக்குப் பெரிய மழை கிடையாது, வெயில் ஏறப் போகிறது. இந்த நேரத்தில் போய் ஒரு மரம் புதுத் துளிர் விடுவது புத்திசாலித்தனமா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். நியாயமாகப் பார்த்தால் ஆடியில் அல்லவா துளிர்க்க வேண்டும்? பெருக்கப் பெருக்கத்தான் கொஞ்சம் புரிந்தது. பழைய இலையைக் கொட்டுவது தண்ணீர்ச் செலவைக் குறைக்கத்தான். செலவு நின்றதும், ஐப்பசி கார்த்திகை மழை ஆழத்தில் விட்டுப்போன ஈரத்தை வேர் மெல்ல இழுத்து நடுமரத்தை நிரப்பிக்கொள்கிறது. பகல் நீளுகிற அந்த ஒரு நிமிஷக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இலை தின்னும் பூச்சி புழுக்களும் மழைக்காலத்தைவிட இப்போது குறைவு. மழை வரும்போது முற்றிய இலையோடு தயாராய் நிற்கலாம். வீட்டுக்காரன் பொங்கலுக்கு முன்னால் பரணைக் காலி பண்ணுவானே, அதே காரியம்தான். வாசலில் போட்ட பழைய பாயையும் ஓட்டைப் பானையையும் மட்டும் பார்த்தவன் அந்த வீடு பாழாகிவிட்டது என்றுதான் நினைப்பான்.

அப்படி நினைக்கிறவர் ஒருவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார். நல்ல மனுஷர், ரிட்டையர் ஆன வாத்தியார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு புங்கமரம், நிற்பது என் பக்கம், கொட்டுவது அவர் பக்கம். புங்கன் உதிர்ப்பதில் வேம்பின் நிதானம் இருக்காது. தை கடைசி வரை ஒன்றிரண்டாய்ப் போட்டுக்கொண்டிருக்கும். மாசியில் ஒரு நாள் காற்று திரும்பினால் போதும், ஒரே வாரத்தில் மரமே காலி. அந்தப் பழைய இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் மரத்தின் அவசரம் புரியும். பாதி இலைகளில் சிலந்திப்பேன் உண்டாக்கிய கொப்புளம் கொப்புளமான முடிச்சுகள், மீதியில் புழு தோலுக்குள் புகுந்து சுரண்டிய வெள்ளைத் திட்டு. வருஷம் முழுக்கப் பூச்சிக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டை மரம் மொத்தமாக இடித்துத் தள்ளுகிறது. அப்புறம் வருகிற துளிர் எலுமிச்சைப் பச்சை, எண்ணெய் தடவின மாதிரி பளபளப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசிக் காலையில் அவர் சுவரோரம் வந்து நின்றார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மரத்த எடுத்துட்டு வேற எதனா வெக்கலாமே. குப்ப போடாத மரமா."

"அப்படி மரம் இருக்குதுங்களா சார்?"

"ஏன், இல்லாமலா இருக்கும்?"

"திருவக்கரையில இருக்குது சார். ரெண்டு கோடி வருஷமா ஒரு இலைகூடப் போடல."

அவருக்கு ஒரு நொடி ஆனது. திருவக்கரை எங்கள் பக்கத்து ஊர்தான். மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிற பூங்கா அங்கே இருக்கிறது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரே பல தடவை போயிருப்பார். சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர மனசு மாறவில்லை. ஒவ்வொரு மாசியிலும் அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, தொடப்பத்தைத் தரையில் ஓங்கித் தட்டுகிற சத்தம் வரும். போன வருஷத்திலிருந்து சாயங்காலம் அவர் பக்கத்து வாசலையும் நானே பெருக்கிவிடுகிறேன். சருகு முழுக்கத் தென்னைக்குப் போகிறது. புங்க இலை நல்ல தழையுரம், கொளுத்துவது பாவம்.

இப்போது அந்த மரத்தூள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது ஞாபகம் இருக்கும். எங்களுக்கு அடுத்த ஊரான மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதி. தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓட, டிசம்பர் 2 அன்றைக்கு ரயிலே இல்லை. அந்த ராத்திரியில் எங்கள் முருங்கை முறிந்தது. முருங்கை முறிவதற்குப் புயலே வேண்டாம், காக்காய் உட்கார்ந்தால் போதும் என்பார்கள். இது நடுமரத்திலேயே பிளந்து, ஒரு பாதி தோட்டத்துச் சுவர்மேல் சாய்ந்து கிடந்தது.

விழுந்த பாதியில் நல்ல போத்தாக மூன்று வெட்டி வேலியோரம் ஊன்றினேன். அந்த மார்கழியில் தோட்டம் முழுக்கச் சேறும் அழுகல் நெடியுமாய் இருந்தபோது, நுனியில் சாணி உருண்டை வைத்த அந்தப் போத்துகளில்தான் முதல் பச்சை வந்தது. மாமரம் வேரில் தண்ணீர் நின்றதால் தையில் பூக்காமல் வெறும் துளிராக விட்டது. நான் ஹோஸ் போட்டுச் செய்த அதே தப்பைப் புயலும் செய்தது. நின்ற பாதி முருங்கையில் ஒரு கிளை பட்டுப்போனது. மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய கிளை. இந்தத் தையில் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா திண்ணையிலிருந்து சத்தம் போட்டாள்.

"டேய், அத்த வெட்டாத. காய்ஞ்சா காஞ்சிட்டுப் போவுது. எதனா குருவி கூடு வெக்கும்."

"மேல வுழுந்துதுன்னா இன்னாம்மா பண்ணுவ?"

"வுழுந்தா அப்ப வெட்டு."

ரம்பத்தை உள்ளே வைத்துவிட்டேன். நாலைந்து நாளாக ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக் என்று ஒரே சீராக, எங்கோ தூரத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் தட்டுகிற மாதிரி. செம்மார்புக் குக்குறுவான். அம்மா அதற்குப் பாத்திரக்கடைக் குருவி என்று சொந்தமாகப் பேர் வைத்திருக்கிறாள். குளிர்காலம் முழுக்க வாயைத் திறக்காத பறவை, தை பிறந்து வெயில் லேசாக ஏறியதும் ஆரம்பித்துவிடும். குயிலும் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, ஆனால் அதற்கு இன்னும் தொண்டை திறக்கவில்லை. பாதி கூவிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

இன்றைக்குக் காலையில் முருங்கைக்கடியில் ரவை போல விழுந்து கிடந்ததைத் தொடப்பத்தால் தொட்டதும் தலையில் ஒரு பிடி விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். பட்டுப்போன கிளையின் அடிப்பக்கத்தில், எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு, காம்பஸ் வைத்து வரைந்தது போல ஒரு வட்டம். அதிலிருந்து பச்சையாய் ஒரு குட்டை வால் மட்டும் வெளியே தெரிந்தது. வால் ஆடியது, நின்றது. அப்புறம் ஒரு தலை வந்தது. நெற்றியில் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள், அலகில் வாய் நிறையத் தூள். என்னைப் பார்த்தது. தலையைச் சிலுப்பித் தூளை என் மேலேயே உதறிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. மழை உள்ளே இறங்காமல் இருக்கத்தான் கிளையின் அடிப்பக்கமாகத் துளைக்கிறது. முருங்கைக் கட்டை வெண்ணெய் மாதிரி, அதற்கு அதிக சிரமம் இல்லை.

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினேன். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். "சொன்னனா இல்லியா" என்றாள். அப்புறம் கீழே முறத்தைப் பார்த்து, மூன்று புங்க இலையைத் தனியாக எடுத்து, காம்பைக் கிள்ளிப் பார்த்து, "வுழுந்துடுச்சா? சிவராத்திரிக்குள்ள கொட்டிடும்" என்றாள். கடைக்குப் போகிறபோது தொடப்பம் இரண்டாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள், பக்கத்து வீட்டு சாருடையதும் தேய்ந்துவிட்டதாம்.